படமும் நீரும்

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) உண்டா இல்லையா என்று ஒரே சோதனையில் சொல்லிவிடும் வழி இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு, உடலைப் பரிசோதித்த பிறகு, நரம்பியல் மருத்துவர் பெரிதும் நாடுவது இரண்டை: எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீர்.

மூத்தது நீர்ப் பரிசோதனை. அந்த நீரை ஊசியால் எடுக்கும் முறையை 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே வெளியிட்டார். எம்.எஸ். புண்களை எம்.ஆர்.ஐ. காட்டியது 1981இல், லண்டனில். வந்த வேகத்தில் மூத்ததை ஓரம் கட்டிவிட்டது. காரணம் இருக்கிறது. நரம்பின் மையலின் உறை சிதைந்த இடங்கள் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும். காடோலினியம் மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் புதுப்புண் ஒளிரும், பழையது ஒளிராது. நோய் பல இடங்களில், பல காலங்களில் தாக்கியிருப்பதை ஒரே நாளில் எடுத்த படம் காட்டிவிடக்கூடும்.

ஆனால் வெண்புள்ளி எல்லாம் எம்.எஸ். அல்ல. ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், முதுமை ஆகியவையும் புள்ளி வைக்கும். படத்தை மட்டும் நம்பி எம்.எஸ். முத்திரை குத்தப்பட்டு, தேவையில்லாத மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இதைத்தான் நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

புண் எங்கே என்று நீர் சொல்லாது. நரம்பு மண்டலத்துக்குள்ளேயே எதிர்ப்புரதம் உற்பத்தியாகிறதா என்று சொல்லும். நீரையும் அதே வேளையில் எடுத்த ரத்தத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஜெல்லில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டுப் பார்ப்பார்கள்; எதிர்ப்புரதங்கள் பட்டைகளாகத் தெரியும். ரத்தத்தில் இல்லாத இரண்டோ அதற்கு மேலோ பட்டைகள் நீரில் தெரிந்தால் சோதனை பாசிட்டிவ். ரத்த மாதிரியை அனுப்ப மறந்தால் முடிவுக்கு மதிப்பே இல்லை. வட ஐரோப்பிய நோயாளிகளில் சுமார் 90 சதவீதத்தினருக்குப் பட்டைகள் இருக்கும். ஆசியர்களிடம் அது குறைவு. ஆகவே நம்மவர்க்குப் பட்டை இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது. சில தொற்றுகளிலும் பட்டை வரும். ஆனால் நீரில் அணுக்கள் மிகுந்திருந்தால் காசநோய் போன்றவற்றைத் தேட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே குப்பியில் கிடைக்கிறது.

எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்டு அளவுகோலின் 2017 திருத்தம் மூத்ததற்குப் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுத்தது. முதல் தாக்குதலிலேயே புண்கள் பல இடங்களில் இருந்தால், அடுத்த தாக்குதலுக்குக் காத்திராமல், பட்டைகளைக் கொண்டே நோயை உறுதிசெய்யலாம் என்றது.

'முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்' என்று குடும்பத்தார் தடுப்பது வழக்கம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்புகளை ஒட்டி முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், மழுங்கிய முனை ஊசியில் அதுவும் குறையும். படம் தெளிவாக இல்லாதபோது இந்த அச்சத்துக்காக நீரைத் தவிர்ப்பது சரியல்ல.

தண்டுவடத்தில் மூன்று எலும்புகளின் நீளத்துக்குப் புண் நீண்டு, நீரிலும் பட்டை இல்லையென்றால், அக்வாபோரின்-4 எதிர்ப்புரதத்துக்கு ரத்தத்தை அனுப்பியாக வேண்டும். அது நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற வேறு நோயாக இருக்கலாம். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான்-பீட்டா அந்த நோயை மோசமாக்கக்கூடும்.