செவிக்கு எட்டாத போர்

இரவிலே விளக்கை நாடிவரும் அந்துப்பூச்சி, வௌவால் ஒன்று அணுகுகையில் சட்டெனத் திரும்பி இருளுள் மறைவதுண்டு. சிலவேளை சிறகொடுக்கித் தரையை நோக்கி வீழ்வதுமுண்டு. அது தற்செயலன்று. வேட்டையாடும் உயிரும் அதற்கு இரையாகும் உயிரும் ஒன்றையொன்று உருவாக்கிய நெடுங்கதை அந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. அதனை அறிந்துகொள்ள மனிதனுக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் சென்றன.

இத்தாலியின் பவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கத்தோலிக்கக் குருவுமாகிய லசாரோ ஸ்பலன்சானி, 1793ஆம் ஆண்டில், மெழுகுதிரி அணைந்த அறையிலே ஆந்தை தடுமாறி மோதுவதைக் கண்டார். அதே இருளில் வௌவாலோ தடையின்றிப் பறந்தது. கண்களை அகற்றியபோதும் பறந்தது. இன்று கேட்போர் உள்ளம் கூசும் சோதனைதான். அவ்வாறு குருடாக்கி வெளியே விட்டவற்றுட் சிலவற்றை மீண்டும் பிடித்துப் பார்க்க, அவற்றின் வயிறு பூச்சிகளால் நிறைந்திருந்தது. பின்னர் ஜெனீவாவின் சத்திரவைத்தியர் ஷார்ல் ஜூரின் வௌவாலின் காதுகளை அடைத்தார். அது கண்டவிடமெல்லாம் மோதியது. ஆயின் வௌவால் எழுப்பும் ஒலி எவர் செவியிலும் விழவில்லையே! தொடுவுணர்ச்சியே காரணமெனப் பிரான்சின் பேரறிஞர் கூவியே கூறிவிட, உலகம் அதனையே ஏற்றது. காதினாற் பார்ப்பதாயின் கண்ணினாற் கேட்குமோ என எள்ளினாரும் உளர். 1799இல் ஸ்பலன்சானி விடை காணாமலே மறைந்தார்.

விடை 1938இல் கிடைத்தது. ஹாவாட் பல்கலைக்கழக மாணவர் டொனால்ட் கிறிபின், வௌவால்கள் அடங்கிய கூட்டினைப் பௌதிகப் பேராசிரியர் பியர்ஸிடம் எடுத்துச் சென்றார். மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. அத்தகைய ஒலியைக் கேட்கும்படி மாற்றித்தரும் கருவி ஒன்றைப் பியர்ஸ் அமைத்திருந்தார். அதன்முன் வைத்ததும், மௌனமென எண்ணப்பட்ட வௌவால்கள் ஓயாது கூவிக்கொண்டிருந்தமை தெரிந்தது. அக்கூவலின் எதிரொலியே அவற்றுக்கு வழிகாட்டி.

வேடனின் கருவி இதுவாயின், இரையின் கதி என்ன? அமெரிக்கரான கெனத் றோடரும் ஆஷர் ட்றீற்றும் 1950களில் இதனை ஆராய்ந்தனர். அந்துப்பூச்சியின் மார்பில் பக்கத்துக்கு ஒன்றாகக் காதுகள் உள்ளன. ஒவ்வொரு காதிலும் ஒலியறியும் நரம்புக்கலங்கள் இரண்டேயிரண்டு. இவ்வளவு எளிய செவி, ஏறத்தாழ 100 அடிக்கு அப்பாலிருந்தே வௌவாலின் குரலைக் கேட்டுவிடுகிறது. வௌவாலோ மிக அண்மித்த பின்னரே எதிரொலியால் பூச்சியை அறியும். ஒலி மெலிதாயின் பூச்சி விலகிப் பறக்கும். உரத்ததாயின் சுழன்று கீழே பாயும். இருவரும் திறந்த வெளியில் 402 மோதல்களைக் கவனித்து 1961இல் கணக்கு வெளியிட்டனர். தப்ப முயன்ற பூச்சிகளில் 100 பிழைத்தால், முயலாதவற்றில் 60 மாத்திரமே பிழைத்தன. ஓரிரவில் நாற்பது உயிர் பெரிதன்று எனலாம்; தலைமுறை தலைமுறையாக அதே கணக்கு நடந்தால், கேளாச் செவியுடையவை அருகி, கேட்குஞ் செவியுடையவையே பெருகும்.

ட்றீற் கண்ட மற்றொரு புதுமையையும் இங்குக் கூறுதல் தகும். அந்துப்பூச்சியின் காதினுள் ஒருவகைச் சிற்றுண்ணி குடியேறி அக்காதைக் கெடுத்துவிடுகிறது. பின்வரும் உண்ணிகளும் அதே காதினுள்ளேயே நுழைகின்றன. மற்றைக் காதைத் தீண்டுவதில்லை. இரு காதும் கெட்டால் பூச்சியை வௌவால் உண்டுவிடும். உண்ணியும் உடன் அழியும்.

வேடனும் வாளாவிருக்கவில்லை. ஐரோப்பாவின் பார்பஸ்ரெல் என்னும் வௌவால் அந்துப்பூச்சிகளையே பெரும்பாலும் உண்பது. அதன் குரல் பிற வௌவால்களின் குரலிலும் பத்து முதல் நூறு மடங்கு மெலிந்தது என 2010இல் அறியப்பட்டது. உரத்துக் கூவினால் நெடுந்தூரம் அறியலாம். ஆனால் இரை தப்பிவிடும். ஆகவே அது தூரத்தை இழந்து மறைவைப் பெற்றது. அமெரிக்காவின் ஓர் அந்துப்பூச்சியோ ஓடுவதுடன் அமையவில்லை. தானும் விரைந்து ஒலியெழுப்பி வௌவாலின் எதிரொலியைக் குழப்புவது 2009இல் வெளியாயிற்று. வானொலியின் அலையை மற்றொரு நிலையம் குழப்புவதை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இவ்வரலாற்றின் ஓர் ஏடு அண்மையில் திருத்தப்பட்டது. அந்துப்பூச்சிகளின் காதுகள் யாவும் வௌவாலுக்கு அஞ்சியே தோன்றின எனப் பலகாலம் கருதப்பட்டது. 2019இல் வெளிவந்த ஆய்வோ, அவற்றுட் பல குலங்கள் வௌவால் தோன்றுமுன்னரே செவி பெற்றிருந்தன எனக் காட்டியது. வேறு பகைவரின் அரவத்தைக் கேட்க அமைந்த காதுகளாகலாம் அவை. வௌவால் வானில் எழுந்தபோது, ஏற்கெனவே திறந்திருந்த அச்செவிகள் புதிய பகைவனின் குரலையும் கேட்கலாயின.