ஃபீட்பேக் (மின்கிதார்)

மின்கிதாரின் தந்தி எழுப்பிய நாதம் ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, காற்றில் பரவி, மீண்டும் அதே தந்தியைத் தாக்கி அசைக்க, அவ்வசைவைப் பிக்கப் எனும் காந்தச் சுருள் திரும்பவும் மின்னோட்டமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்ப, இவ்வாறு சுழன்று சுழன்று வலுத்து நிற்கும் ஓயாத ஒலிக்கு ஃபீட்பேக் என்று பெயர். டென்மார்க் நாட்டுப் பௌதிக விஞ்ஞானி ஸோரன் லார்சன் இதன் தத்துவத்தை ஆராய்ந்தமையால் லார்சன் விளைவு என்றும் வழங்கும். கூட்டங்களில் மைக் திடீரென வீறிடுவதும் இதனாலேயே.

1930களில் மின்கிதார் பரவத் தொடங்கியது முதல் நெடுங்காலம் இது ஒரு தோஷமாகவே கருதப்பட்டது. உட்கூடு உள்ள கிதார்களில், ஒலிபெருக்கியின் அதிர்வுக்கு மேற்பலகையே ஆடிவிடுவதால், தொல்லை மிகுதி. கிப்ஸன் கம்பெனியார் 1958இல் வெளியிட்ட இ.எஸ்.-335 கிதாரின் நடுவே கெட்டியான மேப்பிள் கட்டையைப் பொருத்தியதற்கு இத்தோஷத்தைத் தணிப்பது ஒரு முக்கிய நோக்கம்.

இதனை விரும்பி ஏற்ற இசைத்தட்டுகளுள் முற்பட்டது பீட்டில்ஸ் குழுவினர் 1964 அக்டோபரில் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவுசெய்த ‘ஐ ஃபீல் ஃபைன்’; பால் மக்கார்ட்னி பேஸ் கிதாரில் ஒற்றை ஸ்வரத்தை மீட்ட, ஜான் லெனனின் கிதார் தானே அதிர்ந்து குமுறுவதோடு பாட்டு ஆரம்பமாகிறது. மறு ஆண்டு ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இதனை ஒரு பாட்டின் நடுவிலேயே விரிவாகக் கையாண்டபோது, அமெரிக்காவின் டெக்கா கம்பெனியார் நாடாவில் பழுதென்று எண்ணித் திருப்பியனுப்பினர் என்பர்.

கட்டுப்பாட்டின் ரகசியம், வாசிப்பவர் நிற்கும் ஸ்தானத்தில் இருக்கிறது. வினாடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரத்தின் அலைநீளம் காற்றில் சுமார் 78 சென்டிமீட்டராதலால், வாசிப்பவர் அதில் பாதித் தூரம் நகர்ந்தால், அதுவரை தந்தியை ஊக்கிய அலையே அதற்கு எதிராகித் தடுக்க, அந்த ஸ்வரம் அடங்கி, அவ்விடத்துக்கு இசைவான வேறொரு ஸ்வரம் தலைதூக்கும். வேண்டாத தந்திகளை உள்ளங்கையால் அமர்த்தி, ஒலியளவுத் திருகைச் சிறுவிரலால் ஏற்றியிறக்கி, ஒலிபெருக்கியை நோக்கி உடலைச் சற்றே திருப்பி நிற்பதும் இந்த வித்தையின் அங்கங்களே.

இதன் பூரண சக்தியை உலகுக்குக் காட்டியவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1969 ஆகஸ்ட் 18 காலை, வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கையில், நீண்டு நிற்கும் நாதத்தை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் நெம்புகோலால் கீழிறக்கி, விமானங்களின் இரைச்சலையும் குண்டுகளின் முழக்கத்தையும் கேட்பவர் செவியில் அவர் எழுப்பினார். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில் அதன் பொருளை விளக்க வார்த்தை தேவைப்படவில்லை.

ஹெண்ட்ரிக்ஸிடம் ஆவேசமாக வெளிப்பட்டது ராபர்ட் ஃபிரிப்பிடம் கணிதமாயிற்று. டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டுக்காக 1977இல் மேற்கு பெர்லினின் ஹன்ஸா ஸ்டூடியோவில் வாசித்தபோது, ஒவ்வொரு ஸ்வரமும் ஒலிபெருக்கியிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் நிலைக்கும் என்று அளந்து, தரையில் நாடா ஒட்டி அடையாளமிட்டு, அந்தந்த இடத்துக்குப் பெயர்ந்து நின்று அவர் வாசித்ததாக, அப்பதிவின் தயாரிப்பாளர் டோனி விஸ்காண்டி கூறியிருக்கிறார். அப்பாட்டு நெடுகிலும் இழையும் நாதத்தைக் கேட்போர் அதில் முரட்டுத்தனத்தின் சாயலைக்கூடக் காணமாட்டார்.

1970களில் விற்பனைக்கு வந்த ஈ-போ என்னும் கையடக்கக் கருவி, காந்தப்புலத்தாலேயே தந்தியை இடையறாது அசைப்பதால், பேரொலியின்றியே நீடித்த நாதத்தைத் தரவல்லது. சிறிய அறைகளில் அப்பியாசம் செய்வோருக்கு அது பெரும் அனுகூலம். எனினும் காற்றும் அறையும் அங்கே வாத்தியத்தில் பங்குகொள்வதில்லையாதலால், அதனை ஃபீட்பேக்கின் வகையாகக் கொள்வதைவிட அதற்கு ஒரு மாற்றாகக் கொள்வதே தகும்.