அரபு மொழியில் ஒலித்த இறைவாக்கு



638-ஆம் ஆண்டில் எருசலேம் முஸ்லிம் ஆட்சியின் கீழ் வந்தது. திருச்சபை அங்கே அழிந்துபோகவில்லை. ஆனால் தலைமுறைகள் செல்லச் செல்ல, கிறிஸ்தவப் பிள்ளைகளும் அரபியே பேசலாயினர். ஆலயத்தில் வாசிக்கப்பட்ட கிரேக்கமும் சிரியாக்கும் பலருக்கு விளங்காமற்போயின. பழைய மொழியைப் பற்றி நிற்பதா, மக்களுக்கு இறைவாக்கை விளங்கவைப்பதா?

867-இல் தமஸ்கு நகரில் பிஷ்ர் இப்னு அல்-சிர்ரி புனித சின்னப்பரின் திருமுகங்களைச் சிரியாக்கிலிருந்து அரபியில் பெயர்த்தார். 897-இல் ரம்லா ஊரைச் சேர்ந்த ஸ்தேவான் என்னும் துறவி நான்கு நற்செய்திகளையும் அரபியில் படியெடுத்தார். அக்கையெழுத்துப் பிரதிகள் சீனாய் மலை மடத்தில் பேணப்பட்டு வந்துள்ளன.

மொழி மாறிற்று, விசுவாசம் நிலைத்தது. நம் பிள்ளைகளுக்கு விளங்கும் சொல்லில் நாம் மறையுரைக்கின்றோமா? ஜூபிலி நாளில் சிந்திப்போம்.