அரங்கும் வட்டும்

தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவில் குடியேறிய நம் வீடுகளில், மழை விடாத ஒரு விடுமுறை நாளை எண்ணிப் பார்ப்போம். குழந்தை வெளியே போக வழியில்லை. தெருவில் அது பேசும் மொழி ஒன்று. பள்ளியில் பயிலும் மொழி மற்றொன்று. தாய்மொழியோ உண்ண அழைப்பதற்கும் உறங்கச் சொல்வதற்கும் ஆன சில ஏவற்சொற்களோடு நின்றுவிடுகிறது. அன்று பாட்டியார் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் கட்டம் வரைந்து, நான்கு சோழிகளைக் கையில் குலுக்கினால் என்ன நிகழ்கிறது? குழந்தை ஓடி வந்து எதிரே அமர்கிறது. அடுத்த ஒரு நாழிகை வீட்டில் தமிழ் ஒலிக்கிறது. இந்த எளிய காட்சிக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சிறிது நோக்குவோம்.

கட்டம் வரைந்து காய் நகர்த்தும் ஆட்டம் நம்மவர்க்குப் புதியதன்று. நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசப் புகுவது, அரங்கு இழைக்காமல் வட்டு உருட்டுவதைப் போன்றது என்று திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தில் கூறுகிறார். அரங்கு என்பது இங்கே ஆடுவதற்கென வகுத்த கட்டம். கேட்போர் அனைவரும் அறிந்த ஒன்றைத்தானே உவமையாகச் சொல்ல முடியும்? ஆகவே அந்நாளிலேயே இவ்வாட்டம் மக்களிடையே நன்கு பழகியிருந்தது என்பது தெளிவு. அதே வள்ளுவர்தாம் சூது என்னும் அதிகாரத்தில் பொருள் வைத்து ஆடுவதைக் கடிந்துரைக்கிறார். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலும் தான்றிக்காய்களை உருட்டிக் குடும்பத்தை இழந்த சூதாடி ஒருவனின் புலம்பல் இருக்கிறது. தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயமாக வைத்து இழந்த கதையை அறியாதார் யார்? கேடு காயிலும் இல்லை, கட்டத்திலும் இல்லை, பணயத்தில் இருந்தது. அரசவையில் நாடுகளைப் பறித்த ஆட்டம், பணயத்தை உதறிவிட்டு வீட்டுக் கூடத்தில் பெண்களும் குழந்தைகளும் ஆடும் ஆட்டமாகவும் வாழ்ந்தது. நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது இந்தக் கூடத்து மரபே.

முதலில் தாயக்கட்டத்தைக் காண்போம். நீண்டு நாற்புறம் கொண்ட பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டி ஒன்று விழுந்தால் தாயம்; தாயம் விழாமல் காய் உள்ளே இறங்காது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. வழியில் எதிரியின் காயை எட்டிப் பிடித்தால் வெட்டு. நடுக்கட்டத்தை அடைந்தால் பழம். குழந்தை கூட்டவும் எண்ணவும் கற்பது இங்கே பாடமாகத் தோன்றுவதில்லை. ஆறு வேண்டும், ஐந்து வேண்டும் என்று வாய்விட்டுக் கூவும்போதே தமிழ் எண்கள் நாவில் பதிந்துவிடுகின்றன.

இதன் உறவினர் பாரத நாடெங்கும் வாழ்கின்றனர். கன்னட நாட்டில் சௌகாபாரா, தெலுங்கு நாட்டில் அஷ்டா செம்மா. நான்கு சோழிகளும் மல்லாந்தால் நான்கு, நான்கும் கவிழ்ந்தால் எட்டு என்னும் கணக்கே அப்பெயர்களில் அடங்கியிருக்கிறது. வடநாட்டில் இருபத்தைந்து என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற பச்சீசி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அக்பர் எழுப்பிய பத்தேபூர் சிக்ரி அரண்மனையின் முற்றத்தில் பச்சீசிக் கட்டம் கல்தரையிலேயே வகுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பணிப்பெண்களையே காய்களாக நிறுத்தி அங்கே ஆடினர் என்பது செவிவழிச் செய்தி. தில்லியிலோ ஆக்ராவிலோ வாழும் நம்மவர் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று, "பாட்டி வரைகிற கட்டத்தின் அண்ணன் இது" என்று காட்டலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று லூடோ என்னும் பெயருடன் திரும்பி வந்ததும் இந்தப் பச்சீசியே.

பரமபதத்தின் கதையும் இத்தகையதே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்பதற்காக வைணவ இல்லங்களில் இதனை ஆடுவர். வடநாட்டில் இதற்கு ஞான் சௌபட் என்று பெயர். 72 கட்டங்கள் கொண்ட படங்களும், சமணர் வரைந்த 84 கட்டப் படங்களும் உண்டு. கட்டந்தோறும் ஒரு சொல். ஏணியின் அடியில் நற்குணம், பாம்பின் வாயில் தீக்குணம். மேல்நாடு சென்றபின் நாளடைவில் அச்சொற்கள் உதிர்ந்து எண்கள் மட்டும் எஞ்சின. அமெரிக்காவில் 1943இல் வெளிவந்த வடிவத்தில் பாம்புகளும் மறைந்து சறுக்குமரங்கள் ஆயின. நம் பரமபதப் படத்திலோ சொற்கள் இன்னும் இருக்கின்றன. தமிழ்ப் பள்ளி இல்லாத ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்க இதனினும் இனிய ஏடு கிடைப்பது அரிது. தன்னை விழுங்கிய பாம்பின் பெயரை எந்தக் குழந்தைதான் படிக்காமல் விடும்?

பல்லாங்குழியும் அண்டை வீட்டாரோடு நம்மை இணைப்பது. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று அள்ளுகிறோம். கன்னடியர் இதனை அளிகுளி மணெ என்பர். தெலுங்கர் வாமன குண்டலு என்பர். ஓர் ஆட்டத்தில் தோற்றவர் அடுத்ததில் சில குழிகளை இழந்து ஆடுவார். ஆயினும் கவனமாக ஆடி இழந்ததை மீட்க இயலும். தோல்வி முடிவன்று என்பதைச் சிறுவர்க்கு இதைவிட எளிதாக எவ்வாறு உணர்த்துவது? காய் வெட்டுண்டு அழும் குழந்தையிடம், "அடுத்த ஆட்டம் இருக்கிறதடா, கண்ணா" என்று சொல்ல ஒருவர் எதிரே அமர்ந்திருக்க வேண்டும். அவ்வளவே தேவை.

எதிரே அமர்ந்த ஒருவரால் விளைந்த பயனுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1969இல் பிறந்த விசுவநாதன் ஆனந்த் ஆறாம் வயதில் சதுரங்கம் கற்றது தம் தாயாரிடம். பின்னர் அக்குடும்பம் சில ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் வாழ்ந்தது. மகன் பள்ளி சென்றிருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாயார் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பர். அச்சிறுவன் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிற்காலத்தில் உலக வெற்றி வீரரும் ஆனார். எல்லாக் குழந்தைகளும் ஆனந்த் ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்த ஒரு வீட்டில் தாய் மகனுக்காக ஒதுக்கிய அந்த மாலைப் பொழுதே நம் கருத்துக்குரியது.

நிலத்தையும் உற்றாரையும் நாம் உடன் கொண்டுவர இயலவில்லை. அரங்கை மட்டும் எங்கும் வரையலாம். அதற்கு வேண்டுவது ஒரு சாண் சுண்ணக்கட்டியும் கைப்பிடிச் சோழியுமே. அண்டை வீட்டுக் குழந்தையையும் அழைத்து அமர்த்துவோம். அது தன் வீட்டுப் பெயரைச் சொல்லட்டும், நம் குழந்தை தாயம் என்று சொல்லட்டும். வரைவதற்கு நாம் குனியாவிட்டால், அச்சொல் நம் தலைமுறையோடு நின்றுவிடும்.