முடிச்சும் மைலும்

கடலை நம்பி வாழும் நம்மவர்க்குக் காற்றின் வேகமும் கலத்தின் வேகமும் உயிர்க்கணக்கேயாம். அவ்வேகத்தை மைல், கிலோமீட்டர், நாட் என மூவகையாற் கூறும் வழக்கம் உலகில் உளது. ‘நாட்’ என்பதன் பொருள் முடிச்சு. கயிற்று முடிச்சு கடலின் அளவாய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-ல் கெல்டிரியா என்னுங் கோட்டையை நிறுவி, அதனையே சோழமண்டலக் கரை வாணிகத்திற்குத் தலைமையிடமாகக் கொண்டனர். அக்காலத்துக் கப்பல்களில் வேகத்தைக் காட்டும் பொறி யாதும் இல்லை. அணியத்தினின்று மரத்துண்டொன்றைக் கடலில் இட்டு, அது பின்னணியத்தைக் கடக்குமளவும் நேரத்தை எண்ணுவர். 100 அடி நீளத்தை 12 விநாடியிற் கடந்தால் கலத்தின் வேகம் ஏறக்குறைய 5 நாட். ஆங்கிலேயர் இதனை ‘ஒல்லாந்தர் கட்டை’ என்றே அழைத்தனர்.

ஆங்கில மாலுமிகளோ கட்டையைக் கயிற்றிற் பிணித்து விட்டனர். வில்லியம் போர்ன் என்பார் 1574-ல் இம்முறையை எழுதி வைத்தார். பிற்காலத்தில் 47 அடி 3 அங்குலத்திற்கொரு முடிச்சிட்டு, 28 விநாடி ஓடும் மணற்கடிகையைக் கவிழ்த்து, அதற்குள் கையினின்று கழிந்த முடிச்சுகளை எண்ணினர். எண்ணிய முடிச்சு எத்தனையோ, மணிக்கு அத்தனை கடல் மைல். ஆதலின் ‘மணிக்கு இத்தனை நாட்’ என்பது மிகை. நாட் என்னுஞ் சொல்லிலேயே மணி அடங்கும்.

நிலத்து மைல் 5280 அடி என 1593-ல் இங்கிலாந்துச் சட்டம் வகுத்தது. கடல் மைலோ பூமியின் உருவினின்று பிறந்தது. வடக்குத் தெற்காக ஒரு பாகையின் அறுபதிலொரு கூறாகிய கலையே ஒரு கடல் மைல். 1929-ல் மொனாக்கோவிற் கூடிய மாநாடு அதனை 1852 மீட்டர் என வரையறுத்தது. சென்னைக் கோட்டைக்கும் பழவேற்காட்டிற்கும் வடதென் இடைவெளி சுமார் 20 கலை. ஆகவே 20 கடல் மைல். நிலக்கணக்கில் அது 23 மைல்; 37 கிலோமீட்டர். படத்தில் கலையை எண்ணினாலே தூரம் விளங்குதலின், வானூர்தி செலுத்துவோரும் இவ்வளவையே மேற்கொண்டனர். எனினும் அமெரிக்காவின் பழைய சிறு விமானங்கள் பலவற்றில் வேகங்காட்டி நில மைலையே காட்டியது.

மாற்றும் வழி எளிது. மைலை நாட்டாக்க எட்டிலொரு பங்கு கழிக்க, நாட்டை மைலாக்க ஏழிலொரு பங்கு கூட்டுக, கிலோமீட்டராக்க 1.852-ஆற் பெருக்குக. முன்னிரண்டும் கைக்கணக்கு, சிறிது பிழைபடினும் கடலிற் போதும்.

இதனால் யாது பயன் எனின், கூறுவாம். இந்திய வானிலைத் துறையின் வகுப்பில் 34 நாட் காற்று வந்தால் அது புயல். அவ்வெண்ணைக் கிலோமீட்டரெனக் கொள்பவன், ‘34 தானே, சற்று வலுத்த காற்று’ என்றெண்ணி முகத்துவாரத்தைக் கடந்து வலை வீசச் செல்லக்கூடும். உண்மையில் அது மணிக்கு 63 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-ல் சென்னையருகே கரைகடந்த வர்தா புயலின் காற்று 110 கிலோமீட்டருக்குக் குறையாதது; நாட்டுக் கணக்கில் அது 59 மட்டுமே. எண் சிறுத்ததனாற் காற்று சிறுத்ததன்று.

ஆகலின் எச்சரிக்கை கேட்குங்கால் எண்ணோடு அளவையின் பெயரையுங் கேட்டறிக. படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி நாட்டைக் காட்டுகிறதா, கிலோமீட்டரைக் காட்டுகிறதா எனக் கரையிலேயே பார்த்துக்கொள்க. பள்ளி செல்லும் நம் சிறார் இக்கணக்கைக் கற்று, வீட்டுப் பெரியோர்க்கு உரைப்பாராக.