பேய்க்கும் ஒரு பெயர் இருந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போன தலைமுறைக்கு இரண்டு பெண் பேய்களைத் தெரியும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் மோகினி, பக்கத்து மலாய்க் கம்பத்தில் பொந்தியானாக். விரித்த கூந்தல், வெள்ளை உடை, எங்கிருந்தோ வரும் பூவாசம். ஆண்களை மயக்கிக் கொல்பவள் என்றே இருவரையும் பேசிப் பழகிவிட்டோம். என் கணிப்பு வேறு. பிள்ளைப்பேற்றில் செத்துப்போன பெண்களைப் பற்றி எந்தப் பேரேடும் பேசாத காலத்தில், அவர்களை மறக்காமல் வைத்திருந்தவை இந்தக் கதைகள்தாம்.

ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் மலாய் மந்திர வழக்கங்களைத் தொகுத்து 1900-இல் வெளியிட்டார். அதில் பிரசவத்தில் இறந்த தாய் லங்சுயிர். நாம் பெண் பேய்க்குச் சொல்லும் பொந்தியானாக் என்ற பெயர், அதில் செத்துப் பிறந்த அவள் குழந்தைக்கு. தாய் பேயாகிவிடாமல் இருக்க, அலற முடியாதபடி வாயில் கண்ணாடி மணிகள், இரண்டு அக்குளிலும் கோழிமுட்டை, உள்ளங்கைகளில் ஊசி என்று வைத்துப் புதைத்தார்களாம். யாரோ ஒரு மயக்கும் பேய்க்கு அஞ்சிச் செய்த காவல் இல்லை இது. தம் வீட்டுப் பெண்ணுக்கே செய்தது. தமிழகத்தில் சூல் வயிற்றோடு இறந்தவளுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைக்கட்டும் என்று. மலேசியத் தமிழர் கும்பிடும் பெரியாச்சியைப் பாருங்கள்: மடியில் வயிறு கிழிந்த ஒரு பெண், உயர்த்திய கையில் ஒரு குழந்தை. பிள்ளை பெற்றவர்கள் அவளுக்குத்தான் படையல் வைக்கிறார்கள்.

இதெல்லாம் சினிமா ஏற்றிவிட்ட பயம் என்பார்கள். பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ திரைக்கு வந்தது 1957-இல். ஸ்கீட் எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து. மெக்சிகோவின் அழும் பெண், லா யொரோனா, தன் பிள்ளைகளை ஆற்றில் அமிழ்த்தியவள், அவள் என் கணிப்புக்குள் அடங்க மாட்டாளே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மண்ணில் அவளுக்கு முன்பே சிவாதெதியோ என்ற பெண்கள் இருந்தார்கள். பேற்றில் இறந்த இவர்களைப் போர்க்களத்தில் விழுந்த வீரருக்குச் சமமாக ஆஸ்டெக் மக்கள் மதித்தார்கள். நாற்சந்தியில் இறங்கிக் குழந்தைகளைத் தீண்டுவார்கள் என்று அஞ்சவும் செய்தார்கள். மதிப்பும் அச்சமும் ஒரே பெண்ணின் மேல். காப்பாற்ற முடியாமல் போனவளிடம் உயிரோடிருப்பவர்களுக்கு வரும் குற்றவுணர்வு அப்படித்தான் இருக்கும்.

மலாயாவில் 1950 வாக்கில் 1 லட்சம் பிறப்புக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் மருத்துவமனையும் எட்டிய பிறகு, 1990-களில் அது 50-க்குக் கீழே வந்தது. அந்தப் பழைய கணக்கில் நம் தோட்டத்துப் பெண்களும் உண்டு. பாட்டியிடம் பேய்க்கதை கேட்கிறவர்கள், அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது அவள் பெயர் என்ன, எந்த லயம், எத்தனையாவது பேறு என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.