மறைநூலும் வாய்மொழி மரபும் (கிறித்தவம்)

கிறித்தவ நம்பிக்கைக்கு எழுதப்பட்ட மறைநூல் மட்டுமே ஆதாரமா, திருத்தூதர் காலம் தொட்டு வாய்வழி வந்த மரபுக்கும் அதே தகுதி உண்டா என்பது பற்றிய கருத்து வேறுபாட்டின் வரலாறு. கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையிலான பிளவில் இதற்கு முக்கிய இடம் உண்டு. கீழை மரபுவழித் திருச்சபைகள் மறைநூலை மரபுக்குள் அடங்கியதாகவே கொள்வதால், அங்கு இக்கேள்வி இதே வடிவில் எழவில்லை.

தொடக்க காலம்: இயேசு எதையும் எழுதி வைத்துச் செல்லவில்லை. தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் (பவுல் எழுதியதுதானா என்பதில் ஐயம் உண்டு) வாய்மொழிப் போதனையையும் மடல்வழிப் போதனையையும் ஒருசேரக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. மாற்கு 7ஆம் அதிகாரமோ மனிதர் மரபைக் கடிந்துகொள்கிறது. பிற்காலத்தில் இரு தரப்பாரும் தத்தமக்கு உகந்த பகுதியை எடுத்தாண்டனர். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியராப்போலி ஆயர் பாப்பியா, ஏடுகளைவிட மூத்தோரின் உயிருள்ள குரலே தமக்குப் பயன்பட்டது என்றார். அப்படிச் சொன்னவரே ஐந்து தொகுதிகள் எழுதினார். அவை அழிந்துபோய், பிறர் எடுத்தாண்ட துணுக்குகளே எஞ்சின. அவற்றில் பலவற்றைக் காத்துத் தந்த திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு, அவரைச் சிற்றறிவினர் என்று குறிக்கவும் தவறவில்லை.

ஏறத்தாழ 180இல் லியோன் ஆயர் இரனேயு, ஆயர்களின் வழிவழிப் போதனையைக் காட்டி ஞானக் கொள்கையினரை மறுத்தார். கிழக்கு நோக்கி வேண்டுவது, சிலுவை அடையாளம் இடுவது முதலியன எழுதா மரபிலிருந்தே வந்தவை என்று 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசிலியு வாதிட்டார்.

இடைக்காலத்தில் மறைநூலும் மரபும் பெரும்பாலும் எதிரெதிராக வைக்கப்படவில்லை.

திரெந்து பொதுச்சங்கம்: மறைநூல் ஒன்றே இறுதி அளவுகோல் என்ற மார்ட்டின் லூத்தரின் நிலைப்பாடு, 1519 லைப்சிக் வாதத்திலும் 1521 வோர்ம்ஸ் பேரவையிலும் வலுப்பெற்றது. அதற்கு விடை காண, 1545 டிசம்பரில் வட இத்தாலியின் திரெந்து நகரில் கூடிய சங்கம், அடுத்த மார்ச்சில் ஒரு வரைவை முன்வைத்தது. நற்செய்தியின் உண்மை 'பாதி' எழுதிய நூல்களிலும் 'பாதி' எழுதா மரபுகளிலும் அடங்கியுள்ளது என்பது அதன் வாசகம். மரியின் ஊழியர் சபைத் தலைவர் பொனூச்சி இதை மறுத்தார்: நற்செய்தியின் உண்மை முழுவதும் எழுத்தில் உண்டு என்பது அவர் கருத்து. கியோஜ்ஜா ஆயர் நக்கியாந்தி இன்னும் ஒருபடி மேலே சென்று, இரண்டையும் சமமாகப் போற்றச் சொல்வதே இறைப்பற்றுக்கு மாறானது என்றார். அவையில் அமளி எழுந்தது. 1546 ஏப்ரல் 8இல் வெளியான ஆணையில் 'பாதி, பாதி' நீங்கி, 'நூல்களிலும் மரபுகளிலும்' என்று வெறும் 'உம்' நின்றது. சமமாகப் போற்றும் தொடர் மட்டும் அப்படியே இருந்தது. இறுதி வாக்கெடுப்பில் மற்றவர்கள் 'இசைகிறேன்' என்றபோது நக்கியாந்தி 'கீழ்ப்படிகிறேன்' என்று மட்டும் சொன்னதாகக் குறிப்பு உள்ளது.

மாற்றத்தின் காரணத்தைச் சங்க ஏடுகள் தெளிவாகச் சொல்லவில்லை. பொருள் மாறியது என்று 20ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலர் கைசல்மான் வாதிட்டார். வெறும் நடைத் திருத்தமே என்று மற்றோர் இறையியலரான லென்னர்ஸ் மறுத்தார். எவை அந்த மரபுகள் என்ற பட்டியலும் ஆணையில் இல்லை. விவாதத்தை நடத்திய திருத்தந்தையின் தூதர்களுள் ஒருவரான செர்வீனி, 1555இல் இரண்டாம் மார்செல்லு என்ற பெயரில் திருத்தந்தையாகி 22 நாள்களில் மறைந்தார்.

பிற்காலம்: லூத்தரன் இறையியலர் கெம்னிட்சு, திரெந்தை ஆராய்ந்து எழுதிய பெருநூலில் மரபுகளை எட்டு வகையாகப் பிரித்து, சிலவற்றை ஏற்கவும் செய்தார். தமிழகத்தில் இப்பூசல் 18ஆம் நூற்றாண்டில் எதிரொலித்தது: தரங்கம்பாடியில் லூத்தரன் போதகர் சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1715இல் அச்சேறி முடிந்தது; அங்கிருந்த லூத்தரன் போதகர்களை மறுத்து இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், வெளிப்பாட்டுக்கு மறைநூல், மரபு என 'இரு ஊற்றுகள்' எனக் கொண்ட வரைவு 1962 நவம்பரில் எதிர்ப்பைச் சந்தித்தது. விவாதத்தை நிறுத்த 1,368 பேரும் தொடர 822 பேரும் வாக்களித்தனர். நிறுத்தத் தேவையான மூன்றில் இரு பங்கு எட்டாதபோதும் திருத்தந்தை 23ஆம் யோவான் வரைவைத் திரும்பப் பெற்றார். 1965 நவம்பர் 18இல் வெளியான 'இறைவெளிப்பாடு' ஏடு, இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்றது. மறைநூலில் அறவே இல்லாத உண்மை மரபில் உண்டா என்பதை முடிவு செய்யாமல் விட்டது.